போல்ட் தலையில் 8.8 என்று இருந்தால் அது சைஸ் இல்லை

ஒரு சாதாரண போல்ட்டைக் கையில் எடுங்கள். உடம்பு 8 மி.மீ. தடிமன். கழற்ற 13-ம் நம்பர் ஸ்பானர் வேண்டும். தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறது. இதே போல்ட்டை வாங்கக் கடைக்குப் போய் "13 நம்பர் போல்ட் ஒண்ணு குடுங்க" என்று கேட்பவர் உண்டு. "தலையில 8.8-னு போட்டிருக்கு, அந்த சைஸ்ல குடுங்க" என்பவரும் உண்டு. கடைக்காரர் அனுபவசாலியாக இருந்தால் இரண்டு பேருக்கும் சரியான பொருளையே எடுத்துக் கொடுத்துவிடுவார். இல்லையென்றால் வீட்டுக்கு வந்து மாட்டும்போதுதான் தெரியும்.

இந்த மூன்று எண்களும் வெவ்வேறு விஷயங்கள். 8 என்பது போல்ட்டின் அளவு. 13 என்பது தலையின் அகலம். 8.8 என்பது பலம். இதில் புதியவர்களைக் குழப்புவது என்னவென்றால், எழுதியிருக்கும் ஒரே எண் பலத்தைப் பற்றியது; அளவு பொதுவாகப் போல்ட்டின் மேல் எங்குமே எழுதியிருக்காது. அதை நாம்தான் அளந்து கண்டுபிடிக்க வேண்டும்.

எம்8 × 1.25 × 30

கடை பில்லிலும் வரைபடத்திலும் மெட்ரிக் போல்ட்டை இப்படித்தான் எழுதுவார்கள். எம் என்றால் மெட்ரிக். அடுத்து வரும் 8, மரையின் வெளி விட்டம், மில்லிமீட்டரில். மரையின் முகட்டிலிருந்து எதிர்ப்பக்க முகடு வரை. வெர்னியர் என்ற அளவுகருவியை வைத்துப் பார்த்தால் சரியாக 8.00 காட்டாது, 7.8 அல்லது 7.9 என்று வரும். போல்ட் தேய்ந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். நட்டுக்குள் சுலபமாக ஏறுவதற்காகக் கொஞ்சம் குறைத்தே செய்கிறார்கள். சாதாரண எம்8 போல்ட்டில் 7.76-லிருந்து 7.97 மி.மீ. வரை இருக்கலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. அளவில் வந்ததை அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், போதும்.

1.25 என்பது பிட்ச். ஒரு மரை முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம். நட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது எவ்வளவு முன்னேறுமோ அதுதான் பிட்ச். பெரும்பாலும் இந்த எண்ணைச் சொல்லாமலே விட்டுவிடுவார்கள். சும்மா "எம்8" என்றால் அந்த அளவுக்கு வழக்கமாக வரும் கோர்ஸ் (அகலமான) பிட்ச் என்று அர்த்தம். எம்5-க்கு 0.8, எம்6-க்கு 1, எம்8-க்கு 1.25, எம்10-க்கு 1.5, எம்12-க்கு 1.75, எம்16-க்கு 2. இந்த ஆறும் தெரிந்தால் வீட்டு வேலை, பைக் வேலை எல்லாவற்றுக்கும் காணும்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே விட்டத்தில் ஃபைன், அதாவது இன்னும் நெருக்கமான, மரை போட்ட போல்ட்டுகளும் உண்டு. எம்10-லேயே 1.5, 1.25, 1 என்று மூன்று பிட்ச் புழக்கத்தில் இருக்கிறது. பார்க்க மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்; ஒன்றின் நட்டு மற்றதில் ஏறாது. இல்லை, முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். அங்கேதான் பலர் ஸ்பானரை எடுத்துப் பலம் கொடுத்து, மரையை வழித்துவிடுகிறார்கள். கையால் நாலைந்து சுற்று தாராளமாக ஏறாத நட்டுக்கு ஸ்பானர் வைக்கக் கூடாது என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

கார் வீல் நட்டு இதற்கு நல்ல உதாரணம். மாருதி சுசூகி ஸ்விஃப்டில் இருப்பது எம்12 × 1.25. ஹூண்டாய் ஐ20-இல் எம்12 × 1.5. விட்டம் ஒன்றுதான், பிட்ச் வேறு. ஒன்றின் நட்டை இன்னொன்றில் ஏர் கன் வைத்து ஏற்றினால், நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட் போயிற்று. ஸ்பார்க் பிளக்கும் மெட்ரிக் மரைதான்: எம்10 × 1, எம்12 × 1.25, எம்14 × 1.25 என்று வரும். பிளக்கை எப்போதும் முதலில் கையால் சுற்று என்று மெக்கானிக் சொல்வதன் காரணமும் இதுதான். எதிரே இருப்பது எஞ்சினின் அலுமினிய ஹெட். மரை போனால் செலவு பிளக்குக்கு இல்லை, ஹெட்டுக்கு.

ஃபைன் மரை எதற்கு? மரையின் ஆழம் குறைவு என்பதால் நடுவில் இருக்கும் இரும்பு கொஞ்சம் அதிகம். அதனால் பலம் சற்றுக் கூடும், அதிர்வில் தளர்வதும் குறையும். பதிலுக்கு, கோணலாக ஏறி மரை கெடுவது ஃபைனில் ரொம்ப சுலபம். அழுக்கும் துருவும் பட்டால் கோர்ஸ் மரை பொறுத்துக்கொள்ளும், ஃபைன் பொறுக்காது. காரணம் இல்லாமல் ஃபைன் வாங்க வேண்டியதில்லை.

பிட்ச் பார்க்க பிட்ச் கேஜ் என்று ஒன்று கிடைக்கும். விசிறி மாதிரி விரியும் பல் வைத்த தகடுகள். அது இல்லாவிட்டால் ஸ்கேல் போதும். ஒரு மரை முகட்டில் பூஜ்யத்தை வைத்து, அதிலிருந்து பத்து மரை தள்ளி எங்கே வருகிறது என்று பாருங்கள். 12.5 மி.மீ. வந்தால் பிட்ச் 1.25. 10 மி.மீ. வந்தால் பிட்ச் 1. ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் கண் ஏமாற்றும். பத்தாக அளந்தால் தவறு பத்தில் ஒன்றாகிவிடும்.

கடைசி எண் 30, நீளம். தலையைச் சேர்க்காமல், தலைக்குக் கீழே இருந்து நுனி வரை. அறுகோணத் தலைக்கும், தலையில் அறுகோணக் குழி இருக்கும் ஆலன் போல்ட்டுக்கும் இதுதான் கணக்கு. தலை மரத்துக்குள்ளோ தகட்டுக்குள்ளோ புதைந்து மட்டமாக உட்காரும் சி.எஸ்.கே. ஸ்குரூவுக்கு மட்டும் தலையையும் சேர்த்து மொத்த நீளம். தலையே இல்லாத கிரப் ஸ்குரூவுக்கும் மொத்த நீளம்தான்.

நீளத்தோடு இன்னொரு கேள்வியும் வரும்: ஃபுல் த்ரெட்டா, ஹாஃப் த்ரெட்டா? நீளமான போல்ட்டுகளில் நுனிப்பக்கம் மட்டும் மரை இருக்கும். 125 மி.மீ. வரை நீளமுள்ள போல்ட்டுகளுக்கு மரை நீளம், விட்டத்தின் இரண்டு மடங்கோடு 6 மி.மீ. கூட்டியது. எம்10 என்றால் 26 மி.மீ. மரை, மீதி வழவழப்பான தண்டு. இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து போல்ட்டை வெட்டப் பார்க்கும் இடங்களில், அந்த வெட்டுக்கோடு தண்டில் விழுவதுதான் நல்லது. மரையில் விழுந்தால் பலம் குறையும், ஓட்டையும் சீக்கிரம் அகலமாகும். கேட் கீல், டிராக்டர் பின்னால் மாட்டும் கருவிகள் எல்லாம் இந்த வகை. ஃபுல் த்ரெட் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று வாங்கிப் போடுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஸ்பானர் நம்பர் எனும் குழப்பம்

நம் ஊர் பட்டறைகளில் "10 நம்பர் போல்ட்" என்றால் பெரும்பாலும் 10-ம் நம்பர் ஸ்பானரில் கழலும் போல்ட் என்று அர்த்தம். அது எம்10 இல்லை, எம்6. மெக்கானிக் தினமும் கையில் பிடிப்பது ஸ்பானரைத்தான் என்பதால் அவருக்கு அந்தப் பெயர் இயல்பு. நமக்கு அது வினை.

எம்6-க்கு 10, எம்8-க்கு 13, எம்10-க்கு 17, எம்12-க்கு 19 என்பது பழைய ஜெர்மன் வழக்கு. கடைகளில் இன்றும் நிறையப் பார்க்கலாம். பின்னால் வந்த ஐஎஸ்ஓ அளவில் எம்10-க்கு 16, எம்12-க்கு 18. ஜப்பானிய வழியில் எம்8-க்கு 12, எம்10-க்கு 14, எம்12-க்கு 17. ஜப்பான் வடிவமைப்பில் வந்த பைக்குகளில் 12-ம் 14-ம் அதிகம் வேலை செய்வது இதனால்தான். எம்6-க்கே 8-ம் நம்பர் தலை வைத்த, தலையோடு வாஷர் போன்ற விளிம்பும் சேர்ந்த சின்ன ஃபிளாஞ்ச் போல்ட்டுகளும் அவற்றில் உண்டு. ஆக, ஸ்பானர் நம்பரை வைத்துப் போல்ட் அளவை ஊகிக்கலாம், உறுதி செய்ய முடியாது. 12-ம் நம்பர் தலையில் 13-ஐ மாட்டி முழுப் பலம் கொடுத்தால் தலையின் மூலைகள் உருண்டுவிடும். அப்புறம் சிசல், வெல்டிங் என்று கதை நீளும்.

ஆலன் போல்ட்டுக்குக் கணக்கு வேறு. எம்5-க்கு 4, எம்6-க்கு 5, எம்8-க்கு 6, எம்10-க்கு 8, எம்12-க்கு 10 மி.மீ. ஆலன் கீ.

தலையில் இருக்கும் எண்

இப்போது 8.8-க்கு வருவோம். இதை எட்டரைக்குப் பக்கத்தில் ஒரு தசம எண் என்று வாசிக்கக் கூடாது. நடுவில் இருப்பது இரண்டு எண்களைப் பிரிக்கும் புள்ளி. எட்டு, எட்டு.

முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இரும்பு அறுந்துபோகும் அழுத்தம் கிடைக்கும், மெகாபாஸ்கல் கணக்கில். 8 × 100 = 800. ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன். ஆகவே இந்த இரும்பில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பு 800 நியூட்டன், அதாவது சுமார் 80 கிலோ எடையைத் தாங்கும். எம்8 போல்ட்டில் மரையின் பள்ளத்தைக் கழித்து, பலம் கணக்கிட எடுத்துக்கொள்ளும் பரப்பு 36.6 சதுர மி.மீ. பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 29,000 நியூட்டன். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பி, அறுவதற்கு முன் கிட்டத்தட்ட மூன்று டன் இழுவையைப் பார்க்கும்.

இரண்டாவது எண், அந்தப் பலத்தில் எத்தனை பங்கு வரை போல்ட் நிரந்தரமாக நீளாமல் இருக்கும் என்பது. 8 என்றால் பத்தில் எட்டு. 800-இல் பத்தில் எட்டு 640. அந்த 640 மெகாபாஸ்கல் வரை இழுத்து விட்டால் போல்ட் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். தாண்டினால் நீண்டது நீண்டதுதான். உண்மையில் வேலைக்கு முக்கியமான எண் இதுதான், ஏனென்றால் போல்ட் பிடித்து நிற்பதே நீண்டுகொண்டுதான். டைட் பண்ணும்போது போல்ட் தலைமுடி அளவு நீள்கிறது. திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து நெருக்குகிறது. அளவுக்கு மீறி டைட் பண்ணி எல்லையைத் தாண்டவிட்டால் போல்ட் துவண்டுவிடும். ஸ்பானரில் திடீரென்று இளகியது போல ஒரு உணர்வு வரும். அந்தப் போல்ட்டைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டியதுதான். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று திரும்ப மாட்டக் கூடாது.

மற்ற எண்களும் இதே கணக்கு. 4.6 என்றால் 400-இல் அறும், 240-இல் நீளும். கடையில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண இரும்பு) போல்ட் என்று எடை போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகை. 10.9 என்றால் 1000-உம் 900-உம். 12.9 என்றால் 1200-உம் 1080-உம். 8.8-இலிருந்து மேலே உள்ளவற்றை எச்.டி. போல்ட் என்பார்கள், ஹை டென்சைல். ஆலன் போல்ட்டுகளில் கறுப்பாக வருவது பெரும்பாலும் 12.9. உலக அளவில் இந்த எண்முறையை ஐஎஸ்ஓ 898-1 வகுக்கிறது, நம் நாட்டில் ஐ.எஸ். 1367. எண்ணோடு தயாரிப்பாளரின் அடையாளமும் தலையில் இருக்க வேண்டும். டி.வி.எஸ். என்ற பெயரில் வருபவை சென்னை பாடியில் ஆலை வைத்திருக்கும் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் கம்பெனியுடையவை. எண் மட்டும் இருந்து தயாரிப்பாளர் அடையாளமே இல்லாத போல்ட்டை நான் எச்.டி. என்று நம்ப மாட்டேன். எண்ணைப் பொறிக்க ஒரு அச்சு போதும், பலத்தைக் கொண்டுவரச் சரியான இரும்பும் சூட்டுப் பதமும் வேண்டும்.

எண்ணே இல்லாத போல்ட்டை எப்படி எடுத்துக்கொள்வது? 5 மி.மீ.-க்குக் குறைந்தவற்றில் பொறிப்பது கட்டாயம் இல்லை. அதற்கு மேலும் வெறும் தலை என்றால், 4.6 என்றே நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக், சஸ்பென்ஷன், தூக்கும் கொக்கி பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்படியானால் எல்லா இடத்திலும் 12.9 போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. கடினம் கூடக்கூட இரும்பு முறியும் குணமும் கூடுகிறது. 4.6 போல்ட் அறுவதற்கு முன் நீண்டு, வளைந்து, எச்சரிக்கை கொடுக்கும். 12.9 அந்த அவகாசத்தைத் தராது. இன்னொரு ஆபத்து முலாம். துத்தநாக முலாம் பூசும் அமிலக் குளியலிலும் மின்முலாமிலும் ஹைட்ரஜன் இரும்புக்குள் புகும்; இவ்வளவு கடினமான இரும்பில் அது தங்கினால், டைட் பண்ணி வைத்த போல்ட் சில மணி நேரமோ சில நாளோ கழித்து, யாரும் தொடாமலே, தலை தெறித்துப் போகலாம். 12.9 கறுப்பு நிறத்திலேயே வருவதற்கு இதுவும் ஒரு காரணம். துரு பிடிக்கிறதே என்று அதைப் பக்கத்து முலாம் பட்டறையில் கொடுத்து வாங்குவது நல்ல யோசனை இல்லை.

எஸ்.எஸ். போல்ட்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தலையில் ஏ2-70, ஏ4-80 என்று இருக்கும். ஏ2 என்பது பாத்திரக்கடை 304-ஐ ஒத்த வகை, ஏ4 என்பது உப்புக்காற்றைத் தாங்கும் 316-ஐ ஒத்த வகை. பின்னால் வரும் 70-ஐப் பத்தால் பெருக்கினால் அறும் பலம்: 700 மெகாபாஸ்கல்.

பளபளப்பும் விலையும் சேர்ந்து எஸ்.எஸ். தான் பலம் என்று பலரை நம்ப வைத்திருக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஏ2-70 நீளத் தொடங்கும் எல்லை 450 மெகாபாஸ்கல், 8.8-க்கு 640. துருவுக்கு எஸ்.எஸ்., பலத்துக்கு எச்.டி. கடற்கரை வீட்டு கிரில்லுக்கு ஏ4 போடுங்கள். பைக்கின் பிரேக் காலிப்பரில் இருந்த 10.9-ஐக் கழற்றிவிட்டு அழகுக்காக எஸ்.எஸ். போடாதீர்கள். எஸ்.எஸ். நட்டும் எஸ்.எஸ். போல்ட்டும் வேகமாகச் சுற்றும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறுகிவிடும் பழக்கமும் உண்டு. கொஞ்சம் கிரீஸ் தடவி மெதுவாகச் சுற்றினால் தப்பிக்கலாம்.

நட்டுக்கு ஒரே எண்தான்: 8, 10, 12. போல்ட்டின் முதல் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். 10.9 போல்ட்டில் எண் இல்லாத மலிவு நட்டைப் போட்டால், போல்ட் தாங்கும், நட்டின் மரை வழிந்துவிடும்.

இன்ச்சும் நூலும்

நம் கடைகளில் மெட்ரிக்கோடு இன்ச் போல்ட்டும் ஒரே டப்பாவில் கிடக்கும். "மூணு நூல் போல்ட்" என்று இன்றும் கேட்கிறார்கள். ஒரு நூல் என்றால் 1/8 இன்ச், மூன்று நூல் 3/8 இன்ச், அதாவது 9.5 மி.மீ. இரண்டரை நூல், 5/16 இன்ச், 7.94 மி.மீ. பிரச்சினை இங்கேதான். வெர்னியரில் எம்8-உம் 5/16-உம் ஒன்றாகவே தெரியும். பிட்ச்சில்தான் பிடிபடும். 5/16 கோர்ஸில் ஒரு இன்ச்சுக்கு 18 மரை, ஒரு மரைக்கு 1.41 மி.மீ. பத்து மரை அளந்தால் 12.5-க்குப் பதில் 14.1 வரும்.

தலையும் துப்புக் கொடுக்கும். எண்ணுக்குப் பதில் நடுவிலிருந்து வெளியே போகும் கோடுகள் இருந்தால் அது அமெரிக்க இன்ச் போல்ட். மூன்று கோடு என்றால் கிரேடு 5, பலத்தில் 8.8-க்குப் பக்கம். ஆறு கோடு என்றால் கிரேடு 8, 10.9-க்குப் பக்கம். பழைய பிரிட்டிஷ் இயந்திரங்களில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த மரை இருக்கும். அதன் கோணம் 55 டிகிரி, மெட்ரிக்குக்கு 60.

ஓட்டையும் டேப்பும்

போல்ட் வெறுமனே நுழைந்து போக வேண்டிய ஓட்டைக்கு எம்6-க்கு 6.6, எம்8-க்கு 9, எம்10-க்கு 11 மி.மீ. வைப்பது வழக்கம். டேப் என்ற மரை வெட்டும் கருவியால் உள்ளே மரை போட வேண்டும் என்றால் விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்துத் துளை போடுங்கள். எம்6: 6 − 1 = 5. எம்10: 10 − 1.5 = 8.5. எம்8-க்குக் கணக்கில் 6.75 வரும், டிரில் பிட் 6.8 எடுத்துக்கொள்ளலாம். இதைவிடச் சின்னதாகப் போட்டால் டேப் ஒடியும், பெரிதாகப் போட்டால் மரை மெலிதாகும்.

எவ்வளவு டைட் என்று கேட்டால், எண்ணெய் லேசாக இருக்கும் 8.8-க்கு, எம்6 சுமார் 10 நியூட்டன் மீட்டர், எம்8 சுமார் 25, எம்10 சுமார் 50. எம்6-இலிருந்து எம்8-க்குப் போகும்போது இரண்டரை மடங்கு ஆகிறது என்பதைக் கவனியுங்கள். ஒரே ஸ்பானர் பலத்தைக் கை பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் கொடுத்தால், முதலில் அறுவது எம்6 தான். வண்டிப் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். அலுமினியத்தில் ஏறும் போல்ட்டுக்குப் பெரும்பாலும் குறைத்தே கொடுத்திருப்பார்கள்.

கடையில் கேட்கும்போது வரிசையாகச் சொல்லிவிடுங்கள்: "எம்8, பிட்ச் 1.25, நீளம் 30, ஹெக்ஸ் தலை, 8.8, ஃபுல் த்ரெட்." பழைய போல்ட்டையும் கையோடு கொண்டுபோனால் இன்னும் நல்லது, அதோடு அதன் நட்டையும். கடையிலேயே புதிய போல்ட்டைப் பழைய நட்டில் கையால் ஏற்றிப் பார்த்துவிடலாம்.

ஏறவே மாட்டேன் என்றால் இடது மரையாகவும், அதாவது எதிர்த்திசையில் சுற்றினால் ஏறுவதாகவும், இருக்கலாம். அப்படிப்பட்ட போல்ட் தலையில் அம்புக்குறி இருக்கும், நட்டு என்றால் மூலைகளில் வெட்டுக்கோடு இருக்கும். யமஹா பைக்குகளின் வலதுபக்கக் கண்ணாடி இந்த வகை, எம்10 × 1.25 இடது மரை. கடையில் வலது, இடது என்று இரண்டையும் பிரித்துத்தான் விற்பார்கள். எந்தப் பக்கத்துக்கு என்று சொல்லி வாங்குங்கள்.